திலீப் பந்தை முத்தமிட்ட இறுதியாட்டம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் பெருமைப்பட்டுக்கொள்ளும்படி இல்லை. மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழைக்கு ஒதுங்கிய சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசைக்காரர்கள் பேசியதை ஒட்டுக்கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்பதுகூட மிகை. அவர்கள் போட்ட கூச்சல் எதிர்வரிசைக் கடைக்கும் கேட்டிருக்கும். மேசையில் சாப்பாடு எதுவும் இல்லை. தேநீர் கிளாஸ்கள், மிளகாய்ச் சம்பால் கிண்ணம், சோஸ் போத்தல், பல்குச்சி டப்பா எல்லாம் ஏதோ ஒரு ஒழுங்கில் நின்றுகொண்டிருந்தன. "இவன் இங்க நிக்கிறான், அவன் அங்கேர்ந்து வர்றான்" என்று கேட்டதும் நிலத்தகராறு என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது காற்பந்து என்று புரிந்தது. அதுவும் என்றைக்கோ ஆடி, என்றைக்கோ தோற்றுப்போன ஆட்டம்.

அப்போது ஒரு பெரியவர் தே கிளாஸைத் தூக்கி, கண்ணை மூடி, 'இச்'சென்று முத்தம் கொடுத்தார். மேசையே சிரித்தது. ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கீழே வைத்த கிளாஸை அவள் எடுத்து, சிந்திய தேயைத் துடைத்து, அதன் இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

மழை விட்டது, நான் கிளம்பிவிட்டேன். அவர்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. பிறகு யாராவது வந்து 'அப்படி ஒரு தோட்டமே இல்லையே' என்று சண்டைக்கு நிற்கக்கூடாது பாருங்கள், அதற்காக முன்பே சொல்லிவைக்கிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"செம்பனை மரங்களுக்கு மேலே சூரியன் மெல்ல எழுந்தபோது, சுங்கை மெராந்தித் தோட்டத்துத் திடலில் பனி இன்னும் –"

பனியாவது! இந்த வெக்கையில் பனியைப் பார்த்தவன் யார்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

"ஆட்டத்தின் கடைசி நிமிடம். ஒன்றுக்குப் பூஜ்ஜியம். பந்து திலீப்பின் காலில். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு –"

அரங்கம் கிடையாது. கயிறு கட்டிய திடல், ஒரு பக்கம் கூடாரம், மறுபக்கம் ஐஸ் விற்கும் வண்டி. அதோடு எனக்கு இந்தக் கடைசி நிமிடக் கதைகள் அலுத்துவிட்டன. தோற்பதற்கு எல்லா நிமிடங்களும் நல்ல நிமிடங்கள்தான்.

மூன்றாவது தொடக்கத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். அவளுக்குக் குமுதா என்று பெயர் வைத்தேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. பிறந்து வளர்ந்தது சுங்கை மெராந்தித் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், எந்த வேலை இருந்தாலும், பஸ் ஏறி பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வந்துவிடுவாள். தாயம்மாவின் கடையில் கூடுகிற மூன்று ஆண்களோடு உட்கார்ந்து, தங்கள் குழு தோற்ற இறுதியாட்டங்களை முதலிலிருந்து மறுபடி தோற்றுவிட்டுப் போவாள்.

ஏன் வருகிறாள்? இந்தக் கேள்விதான் என்னை வாரக்கணக்கில் தூங்கவிடாமல் –

(இல்லை. நன்றாகத்தான் தூங்கினேன். எழுதுகிறவர்கள் இப்படி ஏதாவது சொல்லிக்கொள்வது வழக்கம், அதான் கை அதுவாகப் போய்விட்டது.)

3

மேசையின் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மிச்சம் விளங்காது.

சுங்கை மெராந்திக் குழு மூன்று முறை தகுதி இறுதியாட்டம் வரை போனது, மூன்று முறையும் தோற்றது.* குழுவே இப்போது கிடையாது. ஆனால் அந்த மூன்று தோல்விகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அன்றைக்கு யார் ரொம்ப நொந்தாரோ அவருக்கு அந்தத் தோல்வி. அதை அவர்தான் சொல்லலாம். மற்றவர்கள் உச்சுக்கொட்டலாம், திட்டலாம், தே வாங்கிக் கொடுக்கலாம். குறுக்கே புகுந்து 'அப்படி இல்லை, இப்படி' என்று மட்டும் சொல்லக்கூடாது.

*காற்பந்துச் சங்கத்தின் போட்டியில் முதலாவதாக வந்த குழு நேரே மேல்பிரிவுக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்கு அடுத்த நான்கு குழுக்கள் அடித்துக்கொள்ளும். அந்த அடிதடியின் கடைசி ஆட்டம்தான் இது. ஜெயித்தால் மேலே. தோற்றால் அடுத்த வருடமும் அதே சேறு, அதே திடல்.

முதல் தோல்வி நாகமணிக்குச் சொந்தம். தோட்டத்து மண்டோர், அதாவது கங்காணி. திடலைச் சுற்றி வடிகால் வெட்டும் பொறுப்பு அவரிடம் இருந்தது. 'ஆட்டத்துக்கு அப்புறம் வெட்டிக்கலாம்' என்று விட்டுவிட்டார். மழை கொட்டியது. சுங்கை மெராந்தி அடித்த பந்து கோல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் தண்ணீரில் குந்திக்கொண்டது. எதிரணிக்காரன் ஓடிவந்து, குளத்தில் குளிக்கிற எருமையை விரட்டுவது போல அதை விரட்டிவிட்டான்.

இரண்டாவது லிங்கேஸ்வரனுக்கு. வயதில் இளையவர், ரவாங்கில் அலுவலக வேலை. அந்த ஆட்டம் பெனால்டியில் முடிந்தது. பயத்தில் அவர் ஒரு பெனால்டியைக்கூடக் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. ஆகையால் அவருடைய தோல்வி முழுக்கக் காதால் கேட்ட தோல்வி. 'தொம்முன்னு ஒரு சத்தம். அப்புறம் அந்தப் பக்கம் கத்துறானுங்க. சரி, போச்சு.' இதை அவர் சொல்லும்போது இன்றைக்கும் கண்ணை மூடிக்கொள்வார்.

மூன்றாவது தோல்வி சேதுவுக்குச் சொந்தம். பள்ளி வேன் ஓட்டுகிறவர். அந்தக் காலத்தில் தோட்டத்து உறுமி மேளக் குழுவுக்குத் தலைவர். கிளாஸை முத்தமிட்டவர் அவர்தான்.

குமுதாவுக்குத் தோல்வி எதுவும் கிடையாது. அவள் கிளாஸ்களை நகர்த்துவாள். சொல்கிறவர் 'இங்க வந்தான்' என்றால் அங்கே வைப்பாள். அது மட்டும்தான் அவள் வேலை. பதினொரு வருடமாக அந்த மூன்றாவது ஆட்டத்தில் ஒரு கிளாஸைக் கோல் முனைக்கு அருகே கொண்டுபோய் வைக்கிறாள். அந்தக் கிளாஸ் அவள் தம்பி திலீப்.

4

மூன்றாவது ஆட்டத்தைச் சேது இப்படிச் சொல்வார்:

"ஒன்னுக்கு சைபர். நம்ம பக்கம். நேரம் முடிஞ்சு போச்சு, ரெஃப்ரி சும்மா கூடுதல் நேரம் ஓட்டிக்கிட்டு இருக்கான். பந்து யாருகிட்ட? நம்ம திலீப்புகிட்ட. நம்ம பெட்டிக்குள்ள. சுத்தி ஒரு பய இல்ல. என்னா செய்யணும்? ஒரு ஒதை. அந்தச் செம்பனைக்குள்ள போய் விழுற மாதிரி ஒரு ஒதை. மேல போயிருவோம்லா! பையன் என்னா செஞ்சான்? நின்னான். குனிஞ்சான். பந்தைக் கையில எடுத்தான். எடுத்து…"

இங்கே முத்தம். இங்கே சிரிப்பு.

"கையில எடுத்தா என்னா? பெனால்டி. ஒன்னுக்கு ஒன்னு. அப்புறம் கூடுதல் ஆட்டத்துல ரெண்டு வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தோம். கேட்டா, விசில் சத்தம் கேட்டிச்சாம். ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சானாம். விசிலா? எந்த விசில்? ரெஃப்ரி ஊதல, நான் ஊதல. என் விசில் அப்பவே சட்டப்பைக்குள்ள போயிருச்சே!"

அந்தக் கடைசி வரிக்கு ஒரு விளக்கம் வேண்டும். உறுமிக் குழுக்களில் தலைவர் விசில் ஊதித்தான் மேள அடியை மாற்றுவார். ஒரு ஊதல் ஊதினால் அடி மாறும், நீட்டி ஊதினால் நிற்கும். முதல் பாதியிலேயே நடுவர் வேலியோரம் வந்து, 'விசில் ஊதாதே, ஆட்டக்காரர்கள் குழம்புகிறார்கள்' என்று எச்சரித்துவிட்டுப் போனார். சேது உடனே விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதைத் தோட்டமே பார்த்தது. அதற்குப் பிறகு கையைத் தூக்கிக் காட்டித்தான் அடியை மாற்றினார். ஆகவே திலீப் 'விசில் கேட்டது' என்றதும் தோட்டம் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது: ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம்.

தோற்றதைக்கூட மன்னித்திருப்பார்கள். பொய் சொன்னான் என்பதை மன்னிக்கவில்லை. கடைக்குப் போனால் 'முத்தம்' என்று கூப்பிட்டார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் இருந்துகொண்டு உதட்டைக் குவித்துக் காட்டினார்கள். அடுத்த தைப்பூசத்துக்குள் திலீப் ஜொகூருக்குப் போய்விட்டான். அங்கேயிருந்து தினம் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. பந்தைக் காலால் தொடுவதே இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், சேதுவின் துண்டையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்துக்கொண்டு மேளக்காரர்கள் பக்கத்தில் நின்றிருந்த குமுதா மட்டும் சேதுவைப் பார்த்தாள். ஜெயித்தாகிவிட்டது என்ற நினைப்பில் அவர் முகம் பூரித்துக் கிடந்தது. வெற்றி அடிக்கு மாற்ற வேண்டும். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கன்னம் உப்பியது. ஊதினார். விசில் திரும்பப் பைக்குள் போய்விட்டது. கண் சிமிட்டுகிற நேரம்தான். மேளச் சத்தத்தில் வேலியோரம் நின்றவர்களுக்கு அது தனியாகக் காதில் விழவில்லை. திடலின் அந்த முனையில், தனியாக, பந்தோடு நின்றவனுக்கு விழுந்தது.

5

இந்த இடத்தில் எனக்குச் சேதுவின் மேல் சந்தேகம் வந்தது. ஊதியது அவருக்குத் தெரியுமா, தெரியாதா?

தெரிந்தே பதினொரு வருடம் கிளாஸை முத்தமிடுகிறார் என்றால் அவர் அயோக்கியர். அப்படி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று, விசிலை எடுத்துப் பார்த்து, ஒரு கொடூரமான புன்னகை –

சினிமாவாகப் போய்விட்டது. கிழித்துப் போட்டேன். அயோக்கியர்களை எழுதுவது சுலபம், பக்கம் கிடுகிடுவென்று நிறையும்.

தெரியவே தெரியாது என்று வைத்துக்கொண்டால்? தன் கை செய்தது தனக்குத் தெரியாமல் போகுமா என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தோமா என்று பாதி வழியில் வண்டியை நிறுத்தி யோசிக்கிற ஆள் நான். திரும்பிப் போய்ப் பார்த்தால் பூட்டித்தான் இருக்கும். பூட்டிய கை என்னுடையதுதான், எனக்கு அதில் பங்கில்லை. வருடக்கணக்காக ஒரு வேலையைச் செய்த கைக்குத் தலையின் அனுமதி தேவைப்படுவதில்லை.

ஆகவே சேதுவுக்குத் தெரியாது. இப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன். (பிறகு இந்த முடிவு என் கையை விட்டுப் போகும். பார்த்துக்கொள்ளுங்கள்.)

6

அப்படியானால் குமுதா ஏன் சொல்லவில்லை? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவளுக்கு வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தொழிற்சாலையில் மேலதிகாரியையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவள்.

அன்று சாயங்காலமே தம்பியிடம் சொன்னாள். திலீப் குழாயடியில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"சேதுண்ணேதான்டா ஊதினாரு. நான் பாத்தேன். வா, இப்பவே போய்ச் சொல்லுவோம்."

அவன் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தான். அவனுக்கு முதல் காற்பந்துக் காலணி வாங்கிக் கொடுத்தவர் சேது. காலை நாலரைக்கு எழுப்பித் திடலைச் சுற்றி ஓடவிட்டவரும் அவர்தான்.

"வேணாங்க்கா. எனக்குக் கெட்ட பேரு வந்தா நான் எங்கயாச்சும் போயிருவேன். அவரு இங்கதான இருக்கணும். இந்த ஜனங்க அவர உரிச்சிருவாங்க."

"அப்ப உன்னை உரிச்சா பரவாயில்லையா?"

"அக்கா, விடுலா."

விட்டாள். ஒரு வருடம் பொறுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அதற்குள் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். குமுதா ரவாங்கில், திலீப் ஜொகூரில். அம்மாவை அழைத்துப் போனது யார்? காலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு சேதுவின் வேன் வாசலில் வந்து நிற்கும். அம்மா படியேற முடியாத நாளில் தூக்கி உட்காரவைப்பார். சாய்ந்துகொள்ள வேனில் எப்போதும் ஒரு தலையணை போட்டு வைத்திருந்தார். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்து வளர்ந்தவள், அந்த மனிதரைப் பார்த்து 'நீதான்' என்று எப்படிச் சொல்வாள்?

ஆகவே ஒவ்வொரு வருடமும் வந்தாள், கிளாஸை நகர்த்தினாள், சிந்திய தேயைத் துடைத்தாள். தன் தம்பி கேலியாகும் மேசையில் தன் வீட்டு ஆள் ஒருத்தியாவது இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். அவள் வருவதற்கு நான் கண்டுபிடித்த காரணம் இவ்வளவுதான். உங்களுக்கு இதைவிட நல்ல காரணம் தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா காற்பந்து பார்த்ததே இல்லை. படுக்கையில் கிடந்த கடைசி வாரத்தில், சம்பந்தம் இல்லாமல் கேட்டார்: "தோத்தா தோத்துட்டுப் போறான். எம்புள்ள ஏன்டி பொய் சொன்னான்?"

குமுதா பதில் சொல்ல வாயெடுத்தாள். சேது அப்போது அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது அம்மா தூங்கிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

(இந்தப் பகுதியை எழுதிவிட்டு இரண்டு நாள் எழுந்து போய்விட்டேன். எனக்கே கனத்துவிட்டது. அம்மாக்களைச் சாகடிக்காமல் கதை எழுதத் தெரியாதா என்று என் மனைவி கேட்டாள். தெரியவில்லை போலிருக்கிறது.)

7

இந்த வருடம்.

சனிக்கிழமை அம்மாவின் முதல் வருடத் திதி. திலீப் ஜொகூரிலிருந்து வந்திருந்தான். உடம்பு பெருத்திருந்தது, முன்மண்டையில் முடி இல்லை. மறுநாள் ஞாயிறு, தாயம்மா கடை. குமுதா முடிவு செய்துவிட்டாள். அம்மா போய்விட்டார். வேனுக்கும் வேலை முடிந்துவிட்டது. இந்த வருடம் சேதுண்ணன் கிளாஸைத் தூக்கும்போது சொல்லிவிடுவது. மேசைச் சட்டமாவது மண்ணாவது. செத்துப்போனவளுக்குச் சொல்ல முடியாததை, இருக்கிறவர்களுக்காவது சொல்வது.

அதற்குத் திலீப் அங்கே இருக்கக்கூடாது.

"நீ வீட்லயே இரு. ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன்."

"நானும் வரேங்க்கா. அவங்களயெல்லாம் பாத்து எவ்ளோ நாளாச்சு."

"அந்த மனுஷன் கிளாஸுக்கு முத்தம் குடுப்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நீ ஒக்காந்து பாப்பியா?"

"குடுக்கட்டும். நானும் ஒருக்கா பாக்குறேன்லா, எப்படி இருக்குன்னு."

வந்துவிட்டான். அவனை என்னால் வீட்டில் நிறுத்த முடியவில்லை. பஸ்ஸைத் தவறவிட வைத்தேன், வயிற்றுவலி கொடுத்தேன், எதுவும் எடுபடவில்லை. கதைக்குள் சிலர் எழுதுகிறவன் பேச்சைக் கேட்பதில்லை என்று பெரியவர்கள் சொன்னபோது நான் நம்பியதில்லை. அலட்டல் என்றுதான் நினைத்திருந்தேன்.

திலீப் உள்ளே நுழைந்ததும் நாகமணி எழுந்தேவிட்டார். தாயம்மா அடுப்படியிலிருந்து, "ஐயோ, யாருடா இது, தொப்பைய பாரு!" என்றாள். சேது எழுந்திருக்கவில்லை. திலீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்து நாற்காலியைக் காலால் வெளியே தள்ளினார், உட்காரு என்று. குமுதா தம்பிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாகமணி தன் தோல்வியைச் சொன்னார். வடிகால், மழை, எருமை. லிங்கேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு தன்னுடையதைச் சொன்னார். முடித்துக் கண்ணைத் திறந்தவர், மேசையில் இருப்பது யார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போல, "சேதுண்ணே, மூணாவது இந்த வருஷம் வேணாம்லா. தம்பி வந்திருக்கான். சாப்டுவோம்" என்றார்.

"என் தோல்விய நான் சொல்லுவேன். நீ யாரு நிறுத்துறதுக்கு?"

ஆரம்பித்தார். ஒன்றுக்கு சைபர். நேரம் முடிந்துவிட்டது. குமுதா கிளாஸ்களை நகர்த்தினாள். பந்து யாரிடம்? அவள் ஒரு கிளாஸை எடுத்து முனைக்குக் கொண்டுபோய் வைத்தாள். தே சிந்தியது. துடைக்கவில்லை. பேசுவதற்காக மூச்சை இழுத்தாள்.

சேது கிளாஸை எடுத்தார். தூக்கவில்லை. அதை மேசையோடு தேய்த்து நகர்த்திக்கொண்டுபோய்த் திலீப்பின் முன்னால் வைத்தார்.

"நீ சொல்லுடா. நீதான அங்க நின்ன."

அப்படி ஒரு தோல்வி கைமாறியதை அந்த மேசை அதுவரை பார்த்ததில்லை.

"அன்னைக்கு விசில் கேட்டிச்சுன்ன," என்றார் சேது. குரல் தணிந்திருந்தது. "அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்பல்லாம் அது இதையேதான் சொல்லிக்கிட்டு வரும். எம்புள்ள பொய் சொல்ல மாட்டான் சேதுன்னு சொல்லும். திரும்பி வர்றப்ப, பொய் சொல்லிட்டானேன்னு அழும். நானும் வண்டிய ஓட்டிக்கிட்டே யோசிப்பேன். யோசிச்சு யோசிச்சு… இப்பல்லாம் தூக்கமே வர்றதில்லடா. சொல்லு தம்பி. சாமி சத்தியமா சொல்லு. விசில் கேட்டிச்சா?"

(பார்த்தீர்களா? அவருக்குத் தெரியாது என்று ஐந்தாம் பகுதியில் முடிவு செய்திருந்தேன். இப்படி ஒரு கேள்வியைத் தெரியாதவர் கேட்பாரா? தெரிந்தவர்தான் கேட்பாரா? பாதி தெரிந்து, மீதியைத் தெரிந்துகொள்ளப் பயந்து கிடக்கிறவர் கேட்கிற கேள்வி இது என்று இப்போது தோன்றுகிறது. பழைய பகுதியைத் திருத்தப்போவதில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

குமுதா தம்பியைப் பார்த்தாள். சொல்லுடா. சொல்லிவிடு. ஒரே வார்த்தை. பதினொரு வருடமும், குவிந்த உதடுகளும், ஜொகூரும், அம்மாவும், எல்லாமும் அந்த ஒரு வார்த்தையில் சரியாகிவிடும். அவரே கேட்கிறார். இனி யார் தடுப்பது?

திலீப் கிளாஸைப் பிடித்துக்கொண்டு சேதுவின் முகத்தைப் பார்த்தான். சேதுவுக்கு மூப்புத் தட்டியிருந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது.

"இல்லண்ணே," என்றான். "ஒன்னும் கேக்கல. நானா நெனச்சிக்கிட்டேன், முடிஞ்சிருச்சுன்னு. அவசரப்பட்டுட்டேன். அடி விழுமேன்னு பயந்து அந்தப் பொய்யச் சொன்னேன்."

சேது மூச்சை விட்டார். அவ்வளவு மூச்சு எங்கே வைத்திருந்தாரோ. முகம் தெளிந்துவிட்டது. மேசையைத் தட்டினார். "பாத்தியா! நான் சொல்லல? அன்னைக்கே சொன்னேனா இல்லையா? அவசரக் குடுக்கடா நீ!" என்று திலீப்பின் வழுக்கைத் தலையைத் தடவிக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. லிங்கேஸ்வரன் சிரித்தார். நாகமணியும் சிரித்தார். தாயம்மா ஒரு தட்டில் வடையைக் கொண்டுவந்து வைத்தாள்.

திலீப்பும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, மேசைக்கடியில் அக்காவின் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினான். பேசாதே என்று.

8

முடிவு (அ): குமுதா கையை உதறிக்கொண்டு எழுகிறாள். "அவன் பொய் சொல்றான். நீங்கதான் ஊதினீங்க, நான் என் கண்ணால பாத்தேன்." சேதுவின் முகம் –

இதை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் சேது அழுகிறார். ஒன்றில் அவளை அடிக்க வருகிறார். ஒன்றில் எழுந்து வேனில் ஏறிப் போய்விடுகிறார், மறுநாள் பள்ளிப் பிள்ளைகள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றுமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றிலும் திலீப் அக்காவை ஒரு பார்வை பார்க்கிறான். தான் கொடுத்ததைப் பிடுங்கி உடைத்துவிட்டாளே என்கிற பார்வை. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

முடிவு (ஆ): குமுதா பேசவில்லை. வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்கிறாள். வெளியே மழை –

இதைப் படித்த என் நண்பர் 'அபாரம்' என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேல் அல்ல, என் மேல்தான். பெண்கள் வாயை மூடிக்கொண்டால் கதைக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது, நாமும் புத்தகத்தை மூடி நெஞ்சைத் தடவிக்கொள்கிறோம். அவள் பஸ் ஏறி ரவாங்குக்குப் போய், மறுநாள் காலை வேலைக்கு நிற்க வேண்டும். அடுத்த வருடமும் வர வேண்டும். முன்பாவது தம்பி பொய் சொல்லவில்லை என்று ஒரு நியாயம் அவள் பக்கம் இருந்தது. இப்போது அவனே நான்கு பேர் முன்னால் பொய்யன் என்று ஒப்புக்கொண்டுவிட்டான். அந்தப் பொய்யைக் காவல் காக்கிற வேலையையும் அவள் தலையில் கட்டிவிட்டு, ஜொகூருக்குப் போய்விடுவான்.

முடிவு (இ): பஸ் நிலையத்தில் அக்காவும் தம்பியும். "ஏன்டா?" என்று அவள் கேட்கிறாள். அவன் ஏதோ சொல்கிறான். அந்த 'ஏதோ'வை ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். நல்ல மனசுக்காரன், குருவுக்குச் செய்த காணிக்கை, பெருந்தன்மை என்றெல்லாம் வருகிறது. எல்லாம் அவனைப் பற்றியே இருக்கிறது. அவன் கொடுத்துவிட்டான். அவனுக்கு நிம்மதி. சேதுவுக்கும் இன்றைக்குத் தூக்கம் வரும். அந்த மேசையில் நிம்மதி கிடைக்காத ஆள் ஒருத்திதான், அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையைச் சொல்லப்போனால் நானும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரு பெயரைக் கொடுத்து, கிளாஸ் நகர்த்துகிற வேலையைக் கொடுத்து, ஏழு பகுதிகள் ஓட்டிவிட்டேன்.

அதனால் முடிவு எழுதப்போவதில்லை. சாமர்த்தியம் காட்டுவதற்காக இப்படி விடவில்லை. களைத்துவிட்டேன், அதோடு இதில் எனக்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை.

குமுதா இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி பிடித்த கை வலிக்கிறது. சேது வடையைப் பிட்டு, பெரிய துண்டாகப் பார்த்து அவள் பக்கம் நீட்டுகிறார். "சாப்புடும்மா. என்னா ஒரு மாதிரியா இருக்க?"

பதினொரு வருடத்தில் அந்த மேசையில் அவளைப் பார்த்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. பதில் அவள் வாயில் தயாராக இருக்கிறது. அவள் அதைச் சொல்லலாமா கூடாதா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள், திலீப்புக்காக, சேதுவுக்காக. கொஞ்சம் அவளுக்காகவும் யோசித்துப் பாருங்கள். யோசித்து முடிக்கும்வரை அவர் கை நீட்டியபடியே இருக்கும்.